முன்னாள் ராணுவ ஜீப்பை வீட்டில் மீட்டெடுத்தல்: முழுவதும் கழற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வதா?

கொட்டகைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் எம்பி ஜீப் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. ஒரு கொட்டகையில் 22 ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டி இது. எஞ்சின் இறுகிவிட்டது; முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி உடல் எடையை முழுக்கக் கொடுத்தாலும் துளியும் நகர மறுக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் டேங்கின் கீழ்ப்பகுதி சல்லடையாகிவிட்டது. பிரேக் மிதியை அழுத்தினால் தரைவரை போய் அங்கேயே கிடக்கிறது. தரைத்தகடுகள் மேலிருந்து பார்க்கையில் நன்றாகத்தான் தெரிகின்றன. வண்டி முழுவதும் யாரோ பளபளக்கும் பச்சை பெயின்ட்டைத் தடிமனாகப் பூசிவைத்திருக்கிறார்கள்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். இரண்டு மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பிரித்து மீண்டும் பூட்டிய அனுபவமும், சுமாராக வெல்டிங் வைக்கும் பழக்கமும் மட்டுமே எனக்கு உண்டு. ஒரு வண்டி நிற்கவும் அதைச் சுற்றி ஆள் நடக்கவும் போதுமான கூரையிட்ட இடம் இருக்கிறது. வார இறுதி நாட்களில் மட்டுமே வேலை செய்ய முடியும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கடைசி போல்ட் வரை கழற்றி, வெறும் சேஸிஸிலிருந்து மீண்டும் கட்டி எழுப்புவதுதான் சரியான முறை என்று சிலர் சொல்கிறார்கள். வண்டியை வண்டியாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்வதுதான் வீட்டில் நடக்கக்கூடிய காரியம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்த வழியில் போகலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரிவெட் எழுதியது:

வாழ்த்துகள், நண்பரே. முதல் ஒரு வாரம் ஸ்பேனரைத் தொடாமல் இருங்கள். கையில் ஒரு டார்ச்சும் மழுங்கிய ஸ்குரூ டிரைவரும் கேமராவும் இருந்தால் போதும்.

நீங்கள் வில்லிஸ் எம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1941 முதல் 1945 வரை இந்த வண்டியை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு நிறுவனங்களும் ஒரே வரைபடத்தின்படி தயாரித்தன. இரண்டும் சேர்ந்து கட்டியவை 6 லட்சத்துக்கும் மேல். ஃபோர்டு தயாரித்த வண்டியின் பெயர் ஜிபிடபிள்யூ. கிரில்லுக்குக் கீழே குனிந்து, ரேடியேட்டருக்கு முன்னால் சேஸிஸின் இரு கைகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் சேஸிஸ். கவிழ்த்த பெட்டி போலச் சதுர விளிம்புகளோடு இருந்தால் ஃபோர்டு சேஸிஸ். ஃபோர்டு தன் பாகங்களில், பல போல்ட் தலைகளில்கூட, சாய்வெழுத்தில் ஓர் ‘எஃப்’ குத்தியிருக்கும். எஞ்சின் எண்ணுக்கு முன்னால் எம்பி என்றிருக்கிறதா, ஜிபிடபிள்யூ என்றிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எதுவென்று தெரியாமல் பாகம் தேடப் புறப்பட்டால் வேறொருவர் வண்டிக்கான பாகங்களைத்தான் சேர்த்துக்கொண்டு வருவீர்கள்.

அடுத்தது தரைத்தகடு. மேலிருந்து நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வண்டியில் அந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை. தரைத்தகட்டுக்கு உறுதி கொடுப்பதற்காக, தொப்பியைக் கவிழ்த்தது போன்ற குறுக்கு வெட்டு கொண்ட தகட்டுச் சட்டங்களை அடியில் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்குள் மரக்கட்டைகளைச் செருகியிருக்கிறார்கள். உள்ளே போன நீரை அந்த மரம் பஞ்சு போலப் பிடித்துவைத்துக்கொள்வதால், சட்டம் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்தச் சட்டங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். என் வண்டியில் சத்தம் மந்தமாகக் கேட்ட ஓரிடத்தில் நுனியால் லேசாகக் குத்தினேன். நுனி தடையில்லாமல் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கறுத்த மரத்தூளும் துருச் சில்லுகளும் முகத்தில் கொட்டின. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

முழுவதும் கழற்றுவதைப் பற்றி: பிரித்துப்போட்ட ஜீப் முழு ஜீப்பைப் போல மூன்று மடங்கு இடத்தைப் பிடிக்கும். 3.35 மீட்டர் நீளமும் 1.57 மீட்டர் அகலமும் உள்ள சின்ன வண்டிதானே என்று நினைத்துக் கழற்றிவிட்டு, பெட்டி பெட்டியாக விற்றுத் தலைமுழுகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார இறுதியில் மட்டும் வேலை செய்பவர் ஒரு பகுதியை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பாடியை மட்டும் ஒருநாள் தூக்கத்தான் வேண்டியிருக்கும். அதைத் தூக்காமல் அந்தச் சட்டங்களையும் சேஸிஸின் மேல்பக்கத்தையும் ஒழுங்காகச் செய்ய வழியில்லை.

டாப்பெட் எழுதியது:

முன்னவர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பாடியைத் தூக்குவதற்கு முன்னால் எஞ்சினைச் சுழல வைத்துவிடுங்கள் என்பேன். இறுகிய எஞ்சினோடு நிற்கும் வண்டி மனத்தைச் சோர்வடையச் செய்யும். ஒருமுறை சுழன்றுவிட்டால் அடுத்த ஆறு மாதத் துருவையும் சிரித்துக்கொண்டே சுரண்டலாம்.

இந்த எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. புதிதில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 60 குதிரைத்திறன் கொடுத்தது. வால்வுகள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இல்லை. பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வரம். ஹெட் என்பது வெறும் மூடிதான். அதைத் தூக்கினால் நான்கு பிஸ்டன்களும் எட்டு வால்வுகளும் கண்முன்னே தெரியும். ஒரு வால்வு திறந்தபடி இறுகியிருந்தாலும் பிஸ்டன் அதன்மீது மோத வழியில்லை.

முதலில் பிளக்குகளைக் கழற்றி, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஹேண்டிலை ஒரே பக்கமாக அமுக்காமல், எஞ்சினை நான்காம் கியரில் போட்டு… இல்லை, மன்னியுங்கள், இதில் மூன்று கியர்கள்தான். மூன்றாம் கியரில் போட்டு வண்டியையே முன்னும் பின்னுமாகக் கையால் ஆட்டுங்கள். வேறு வண்டியில் கட்டி இழுத்து எஞ்சினை விடுவிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பிஸ்டன் வளையமும் கனெக்டிங் ராடும் உடைவது அந்த வழியில்தான். இரண்டு வாரத்துக்கு மேலாகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைத் தூக்குங்கள். பெரும்பாலும் வண்டி நின்ற நாளில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ அதில்தான் ஈரம் இறங்கியிருக்கும். எனக்கு மூன்றாம் சிலிண்டரில், பிஸ்டனுக்கு மேலே விரலகலத்துக்குத் துரு வளையம் ஒன்று இருந்தது. மற்ற மூன்றும் கண்ணாடி போல இருந்தன. ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் உடையும் வாய்ப்பு உண்டு. நட்டைச் சூடாக்கி, கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, மீண்டும் இறுக்கி, மீண்டும் தளர்த்தி என்று பொறுமையாகச் செய்யுங்கள். இந்த வண்டியின் போல்ட்கள் அனைத்தும் அங்குல அளவைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும், பிறகு தலையை உருட்டிவிடும்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஆயில் பம்பைச் சுழற்றுகிறது. ஆயில் பம்பின் தண்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுகிறது. கசிவை நிறுத்துவதற்காக நான் ஆயில் பம்பைக் கழற்றி, புதிய கேஸ்கெட் போட்டு, எந்தக் குறியும் வைக்காமல் மாட்டினேன். அதன்பின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தேன், காயிலை மாற்றினேன், 1-3-4-2 என்ற எரிவரிசையைப் பத்து முறை சரிபார்த்தேன். பம்ப் கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்ததால் டிஸ்ட்ரிபியூட்டரும் தள்ளிப்போயிருக்கிறது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. பம்பைத் தொடுவதற்கு முன் முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் எங்கே நிற்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) எண்ணெய் இடம்பெயர்வது இந்த வண்டியின் பிறவிக் குணம். இரண்டின் அளவையும் அவ்வப்போது பாருங்கள்.

கொட்டகைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி அடியில் படுத்துப் பார்த்தேன். முன் குறுக்குச் சட்டம் சதுர விளிம்புடன் இருக்கிறது. எனவே சேஸிஸ் ஃபோர்டு. எஞ்சின் எண்ணுக்கு முன்னால் எம்பி என்று தெளிவாகக் குத்தப்பட்டிருக்கிறது. எனவே எஞ்சின் வில்லிஸ். பாடியில் ‘எஃப்’ குறியுள்ள போல்ட்களும் இருக்கின்றன, குறியில்லாதவையும் இருக்கின்றன. ஓட்டுநர் பக்கத்துத் தரைச் சட்டம் ஒன்றில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் மனம் உடைந்துவிட்டேன். யாரோ இரண்டு மூன்று வண்டிகளை ஒட்டவைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதானே இதற்குப் பொருள்?

ஆறு வோல்ட் எழுதியது:

எஞ்சினும் பாடியும் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்றை இன்னும் யாரும் சொல்லவில்லை. உங்கள் சக்கரங்களைக் கவனியுங்கள். ஹப்பைச் சுற்றி ஐந்து நட்டுகள் இருக்கும். அவை சக்கரத்தை வண்டியோடு பிணைப்பவை. அவற்றுக்கு வெளியே இன்னொரு வட்டமாக நட்டுகள் இருந்தால், அந்த ரிம் இரண்டு பாதிகளால் ஆனது என்று பொருள். வெளிவட்ட நட்டுகள்தாம் அந்தப் பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் ரிம் பாதி குண்டு போலத் தெறிக்கும். வால்வின் உள்ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போய்விட்டதா என்று பார்த்த பிறகே வெளிவட்டத்தில் ஸ்பேனர் வைக்க வேண்டும். வண்டியின் இடப்பக்கச் சக்கர ஸ்டட்களில் மரை எதிர்த்திசையில் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நட்டு கழலவில்லையே என்று நீளக் குழாயைச் செருகி அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம். நான்கு சக்கரங்களிலும் டிரம். ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ச் சுற்று. அதாவது, எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இல்லை. ஆகவே வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துத்தான். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. டிரம்மைத் திறந்தவுடன் காற்றடித்துத் தூசியை விரட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. அங்கே எண்ணெய் கசிந்தால் முதலில் நனைவது அந்த லைனிங்தான்.

என் பெயருக்கேற்ப மின்சாரத்துக்கு வருகிறேன். வண்டி 6 வோல்ட், நெகட்டிவ் எர்த்; அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்போடு இணைந்திருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று பத்துப் பேர் சொல்வார்கள். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: அதே 35 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கும். மின்னோட்டம் இரட்டிப்பாவதால் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும், எர்த் சுத்தமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். மோட்டார் சைக்கிள் ஒயரைப் போட்டுவிட்டு 6 வோல்ட்டைத் திட்டுவது நியாயமன்று. என் வண்டியின் இடது ஹெட்லைட் பல மாதம் அகல்விளக்கு போல மஞ்சளாக எரிந்தது. கடைசியில் அதன் எர்த் திருகுக்கு அடியில் அழகாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தது நானேதான் என்று தெரிந்தது. காசளவுக்குச் சுரண்டி மாட்டியதும் சுவர் வெளுத்தது. பெயின்ட் அடிக்கும் முன் எர்த் புள்ளிகள் அனைத்தின் மீதும் ஒட்டுநாடா போடுங்கள்.

பழைய ரிவெட் எழுதியது:

கொட்டகைவாசி அவர்களே, மனம் உடைய வேண்டியதில்லை. ஃபோர்டு சேஸிஸில் வில்லிஸ் எஞ்சின் இருப்பது மோசடிக்கு அடையாளமன்று. இரண்டு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதே ராணுவத்தின் ஏற்பாடு. பழுதுபார்க்கும் பணிமனைகளில் ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றிச் சரிசெய்து, வரிசையில் அடுத்து நின்ற வண்டியில் பொருத்தி அனுப்பினார்கள். யார் தயாரித்தது என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இப்போது நீங்கள் அலைந்து ஒரு ஃபோர்டு எஞ்சினைத் தேடிப் பொருத்தினால், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குப் போகும்; அதன் ராணுவக் காலத்தை நீங்கள் அழித்திருப்பீர்கள். இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த எஞ்சின் அங்கேயே இருக்கட்டும்.

இதே காரணத்துக்காகத்தான் பெயின்ட்டைப் பற்றியும் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். மணலடித்து ஒரே நாளில் வெறும் இரும்பாக்கிவிடாதீர்கள். பானெட்டின் இரு பக்கவாட்டிலும், தண்ணீர் தெளித்தபடி, 600 எண் உப்புத்தாளைக் கொண்டு உள்ளங்கை அளவு இடத்தை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பளபளப்புப் பச்சைக்குக் கீழே வேறு நிறங்கள் மரத்தின் ஆண்டு வளையம் போல வந்துகொண்டே இருக்கும்; எல்லாவற்றுக்கும் அடியில் மினுமினுப்பே இல்லாத ஆலிவ் பச்சை கிடைக்கும். அமெரிக்க ராணுவத்தில் இருந்த வண்டியாக இருந்தால் 20 என்று தொடங்கும் பதிவெண் அங்கே இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பானெட்டும் வேறொரு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தரைச் சட்டங்களைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை. துருவைக் கண்டதும் வெட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தப் பாடியில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. தரையை வெட்டினால் மிச்சமிருப்பது தளர்ந்த அட்டைப்பெட்டிதான். பாடி சேஸிஸின்மீது போல்ட் போட்டு நிற்கும்போதே, ஏறும் வழிகளின் குறுக்கே எல் வடிவ இரும்பை வெல்டிங் வைத்து இறுக்குங்கள். பின் இருபக்கச் சுவர்களுக்கிடையே இன்னொன்று. அதன் பிறகு ஸ்டியரிங் தண்டை விடுவித்து, நான்கு பேர் சேர்ந்து தூக்கினால் பாடி வந்துவிடும். கவிழ்த்து வைத்து, ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொன்றை முடித்ததும் துளைகள் சேஸிஸோடு பொருந்துகின்றனவா என்று அளந்து பாருங்கள். நான் இரண்டை ஒன்றாக வெட்டினேன். பாடி 8 மில்லிமீட்டர் ஒதுங்கி உட்கார்ந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மரக்கட்டையை மீண்டும் வைப்பதா என்று கேட்பீர்கள். வைக்க விரும்பினால் எல்லாப் பக்கமும் பெயின்ட் குடித்த கட்டையாக வையுங்கள். சட்டத்தின் தாழ்ந்த முனையில் நீர் வடியத் துளையும் விடுங்கள். நான் வைக்கவில்லை, உள்ளே மெழுகுக் கலவையைப் பீய்ச்சிவிட்டேன்.

சிறு பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் துருப்பிடித்த பாகம், பாசிட்டிவ் முனையில் வேண்டாத சாதாரண இரும்புத் துண்டு. அந்தத் துண்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கவே கூடாது. நச்சுள்ள குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில் வையுங்கள். ஸ்பிரிங்குகளை இந்த முறையில் போட வேண்டாம். நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

டாப்பெட் எழுதியது:

ஸ்பிரிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பக்க இடது பட்டை ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒரே பலம் கொண்டவை அல்ல. கழற்றும்போதே எது எந்தப் பக்கம் என்று கம்பியில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். மாற்றிப் பூட்டினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

கொட்டகைவாசி எழுதியது:

தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். பாடி இப்போதைக்கு சேஸிஸின்மீதுதான் இருக்கிறது. எல் இரும்பு வாங்கி வைத்திருக்கிறேன். என் சக்கரங்கள் ஆறு வோல்ட் அவர்கள் சொன்ன இரட்டை ரிம் வகையைச் சேர்ந்தவை. போன மாதம் நான் வெளிவட்ட நட்டு ஒன்றில் ஸ்பேனர் வைத்து, அது இறுகியிருந்ததால் விட்டுவிட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நான்கு வால்வுகளின் உள்ஊசிகளும் இப்போது ஒரு டப்பாவில் இருக்கின்றன.

பானெட்டின் இடப்பக்கத்தைத் தேய்த்ததில் ஐந்து நிறங்கள் வந்தன. ஆலிவ் பச்சையின்மீது வெள்ளையில் 2, 0, அதன்பிறகு ஒரு 3 தெரிகிறது. அடுத்த எண் 6 அல்லது 8. அதற்கு மேல் தேய்க்கக் கை நடுங்கியதால் நிறுத்திவிட்டேன். எஞ்சினைப் பொறுத்தவரை 16 நாள் எண்ணெயில் ஊறவிட்டு, நேற்று மாலை மூன்றாம் கியரில் வண்டியை ஆட்டியபோது விசிறியின் ஓர் இதழ் நகர்ந்தது போலத் தெரிந்தது. நம்பிக்கையில்லாமல் அந்த இதழில் சுண்ணாம்பால் கோடு போட்டு, ரேடியேட்டர் கூட்டிலும் அதற்கு நேராக ஒரு கோடு போட்டேன். மறுபடியும் ஆட்டினேன். இரண்டு கோடுகளுக்கும் இடையில் இப்போது இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது.

டாப்பெட் ஐயா, இந்த நிலையில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றலாமா, அல்லது இன்னும் ஒரு வாரம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டுமா?

டாப்பெட் எழுதியது:

இன்னும் ஒரு வாரம் ஆட்டுங்கள். சிலிண்டர்களில் எண்ணெயை நிரப்பிவிட்டு, பிளக்குகளை மாட்டாமல் துளைகளைத் துணியால் மூடி வையுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும் நாளில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள்.